எல்லா அட்டைக்கும் திறந்த கதவு

குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்த மனிதர், தன் அறைக் கட்டிலில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் கால்நீட்டி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். அந்தக் குடும்பத் தலைவரும் இவரைக் கண்டார். "யாருங்க நீங்க, எங்க பாத்ரூம்ல?" என்று கேட்டார்.

இரண்டு பேருடைய சாவி அட்டையும் அந்தக் கதவைத் திறந்திருந்தது. இரண்டு பேர் என்ன, அந்தத் தங்கும் விடுதியில் அன்றைக்கு யாருடைய அட்டையும் யாருடைய கதவையும் திறந்தது. சட்டைப் பையில் கிடந்த நூலக அட்டையை விளையாட்டாக வைத்துப் பார்த்த ஒருவருக்கும் பச்சை விளக்கு எரிந்து வரவேற்பு கிடைத்தது. நல்லவேளையாக எந்தப் பொருளும் களவு போகவில்லை. மானம்தான் கொஞ்சம் போனது.

அந்த விடுதிக்குப் பூட்டு மென்பொருள் எழுதிக் கொடுத்த கம்பெனியின் மாடிப்படியில், மறுநாள் காலை நம் அத்தை ஏறிக்கொண்டிருந்தார். பின்னாலேயே மாப்பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

"லிஃப்ட்தான் இருக்கே அத்தை."

"பூட்டு எழுதினவங்களே லிஃப்டுக்கும் எழுதியிருந்தா என்ன பண்ணுவீங்க மாப்பிள்ளை? நாம மூணாவது மாடின்னு அமுக்குவோம். அது யார் வீட்டுச் சமையலறையில கொண்டுபோய் விடுமோ."

அத்தை என்றால் ஊருக்கெல்லாம் அத்தை இல்லை. பல வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டியவர்களைப் பிடித்துக் கொடுத்தவர், பிறகு சொந்தமாகத் துப்பறியும் நிலையம் வைத்தார். உதவிக்கு வந்தவர் அவருடைய மகளைக் கட்டியவர். அவர் வாய்க்கு வாய் 'அத்தை அத்தை' என்று கூப்பிட, வழக்கு கொண்டுவருகிறவர்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை முகத்துக்கு நேரே எப்படிக் கண்டிப்பது? அதற்கு அத்தை ஒரு வழி வைத்திருந்தார். சொல்ல வேண்டியதைத் தன் கைப்பையிடம் சொல்லிவிடுவார். மாப்பிள்ளைக்குக் கேட்டுவிடும்.

மூன்றாவது மாடி வாசலில், வழக்கைக் கொடுத்த அம்மாள் காத்திருந்தார். கம்பெனி முதலாளியின் மனைவி. கணக்கு வழக்கெல்லாம் பார்ப்பவரும் அவர்தான். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி.

"வாங்க அத்தை. மதியச் சாப்பாடு முடிஞ்சதும் போலீசுக்குப் புகார் போயிடும்னு ஒத்தக் கால்ல நிக்கிறார். அந்தப் பொண்ணு யாருன்னு நெனைச்சீங்க? இவரோட சொந்தத் தம்பி பொண்ணு. என்னைப் பெரியம்மான்னு கூப்பிடறவ."

"சொந்தத் தம்பி பொண்ணு மேலயா போலீசு?"

"அதனாலதான் அத்தை. 'வேற யாராவது பண்ணியிருந்தா வேலையை விட்டு மட்டும் அனுப்பியிருப்பேன். என் ரத்தம் பண்ணா ஜெயிலுக்கே அனுப்பணும், இல்லன்னா நாலு பேர் நம்மளைப் பேசுவாங்க'ங்கிறார்."

"நியாயஸ்தர்தான்," என்றார் மாப்பிள்ளை. "இவர் வீட்ல பொறந்தா தண்டனையில தள்ளுபடி இல்ல, கூடுதல்."

அத்தை கைப்பையைப் பார்த்து, "காலங்காத்தால எதுக்கு வாய் திறக்கணும்?" என்றார். மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார்.

முதலாளியின் அறை கண்ணாடி அறை. அவர் மீசை, அதற்குக் கீழே இருந்த முகத்தைவிட இருபது வயது இளையதாக, கரிக்கட்டை போல் மின்னியது. சட்டை உடம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. அத்தை நீட்டிய விசிட்டிங் கார்டை வாங்கினார். பார்க்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என் மனைவி கூட்டிட்டு வந்திருக்கா, அதனால வேண்டாம்னு சொல்லல. ஆனா இதுல துப்பறிய ஒண்ணும் இல்லைங்க. தப்பு செஞ்சவ யாருன்னு தெரிஞ்சாச்சு. புகாரும் ரெடி." மேஜையில் இருந்த கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். காவல்துறையின் இணையப் படிவம், கட்டம் கட்டமாக நிரம்பி நின்றது. "ஒரே ஒரு அமுக்கு அமுக்கினா போயிடும்."

அத்தை குனிந்து படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். திடீரென்று அவருக்கு இருமல் வந்தது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருமினார்.

"தண்ணி வேணுமா?" என்றார் முதலாளி.

"வேண்டாங்க. படிவத்தை இப்படியே விட்டு வைங்க. ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க. இவ்வளவு சரியா நிரப்பின புகாரை நான் பார்த்ததே இல்ல."

முதலாளிக்கு மீசை ஓரத்தில் ஒரு பெருமை துளிர்த்தது.

கூடத்தில் எல்லோரும் விசைப்பலகையைத் தட்டுவதுபோல் பாவனை செய்துகொண்டு காதை மட்டும் தீட்டி வைத்திருந்தார்கள். ஓரத்து மேஜை ஒன்றில் கணினி இல்லை. அங்கே ஒரு பெண் வெறும் மேஜைமேல் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் அவளுக்கு டமால் என்று பெயர். எதை எழுதி முடித்தாலும் எண்டர் விசையை டமாலென்று அடிப்பாள், அடுத்த அறைவரைக்கும் கேட்கும். அதனால் வந்த பெயர். அன்றைக்கு டமாலிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அவள் பக்கத்தில் நின்றிருந்தவர் தலைமைப் பொறியாளர். எல்லோரும் அவரைத் தலை என்பார்கள்.

"எனக்குக் கம்ப்யூட்டர்ல பாதிதான் புரியும்," என்றார் அத்தை அவரிடம். "மீதிப் பாதியை நீங்க சொல்லுங்க."

தலை சொன்னதை நான் உங்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

அந்தக் கம்பெனியின் மென்பொருள் முழுவதும் ஒரு பெரிய கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பல அறைகள். அறைக்கு அவர்கள் பேக்கேஜ் என்று பெயர் சொல்கிறார்கள். 'பூட்டு' என்ற அறையில், ஒரு அட்டை உண்மையானதா என்று பார்த்துச் சொல்லும் கருவி இருக்கிறது. கருவியின் பெயர் 'அட்டை சரிபார்'. 'பொம்மை' என்று இன்னொரு அறை. அது சோதனை ஓட்டத்துக்கு மட்டும். அதிலும் 'அட்டை சரிபார்' என்று ஒன்று உண்டு. ஆனால் அது எதைக் காட்டினாலும் 'சரி' என்று தலையாட்டும். டமால் வேலை பார்த்தது 'வாசல்' என்ற மூன்றாவது அறையில்.

ஓர் அறையில் இருப்பவர் இன்னோர் அறையின் கருவியை எடுக்க வேண்டுமானால், கோப்பின் உச்சியில் 'இதை இந்த அறையிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்' என்று ஒரு வரி எழுத வேண்டும். அதற்கு இம்போர்ட் வரி என்று பெயர். இந்தக் காலத்தில் அதையும் யாரும் கையால் எழுதுவதில்லை. கருவியின் பெயரை டைப் அடிக்கத் தொடங்கினால் போதும், எடிட்டர் என்கிற எழுதுபலகை முந்திக்கொண்டு, 'இது அந்த அறையில் இருக்கிறது, கொண்டுவரட்டுமா?' என்று ஒரு பட்டியல் நீட்டும். எண்டர் அடித்தால் உச்சியில் வரி தானே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

விடுதிக்குப் போன மென்பொருளில், டமாலின் கோப்பு உச்சியில், 'பூட்டு' இருக்க வேண்டிய இடத்தில் 'பொம்மை' இருந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் அத்தை. "எடிட்டர் தப்பா நீட்டியிருக்கும், இந்தப் பொண்ணு டமால்னு அடிச்சிருக்கும்."

"அங்கதான் அத்தை சிக்கல்." தலை தன் கணினியைத் திருப்பினார். "ஒவ்வொரு அறை வாசல்லயும் ஒரு அனுமதிப் பட்டியல் தொங்குது. அதுல இருக்கற அறைங்களைத்தான் எடிட்டர் நீட்டும். இவ அறைப் பட்டியல்ல 'பொம்மை' இல்லவே இல்ல. பாருங்க." டைப் அடித்தார். பட்டியல் விழுந்தது. ஒரே ஒரு 'அட்டை சரிபார்'. பக்கத்தில் 'பூட்டு'. "எல்லார் மெஷின்லயும் போட்டுப் பார்த்தாச்சு. ஒருத்தருக்கும் 'பொம்மை' வரல. அப்போ அந்த வரியை இவ கையாலதான் எழுதியிருக்கணும்."

"கையால எழுதினா வேணும்னே எழுதினதா ஆகும்."

"அப்படித்தான் சார் சொல்றார். போட்டிக் கம்பெனிக்காரன் வாங்கிட்டான்கிறார்."

மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "பூட்டின அறைக்குள்ள கொலைங்கிற மாதிரி, பூட்டின அறைக்குள்ள இம்போர்ட்டா? சரி, இது வெளிய போறதுக்கு முன்னாடி யாராவது படிச்சுப் பார்க்க மாட்டீங்களா?"

தலை தன் தலையைச் சொறிந்தார். "நான்தான் பார்த்தேன். உச்சியில இருக்கற இம்போர்ட் வரிங்களை யாருமே படிக்கிறதில்லைங்க. மருந்துப் பெட்டிக்குள்ள மடிச்சு வெச்சிருக்கற காகிதம் மாதிரி. இருக்கும். யார் படிக்கிறா?"

"ஓட்டிப் பார்த்தீங்களா?"

"பார்த்தோம். சரியான அட்டையை வெச்சோம். திறந்துச்சு."

"தப்பான அட்டையை?"

தலை மறுபடியும் தலையைச் சொறிந்தார். பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் திடீரென்று மிக மும்முரமாக டைப் அடிக்கத் தொடங்கினார்.

அத்தை ஒரு நாற்காலியை இழுத்து டமாலின் எதிரில் போட்டு உட்கார்ந்தார். "அந்த வரியை நீ கையால எழுதினியாம்மா?"

"இல்ல அத்தை. எடிட்டர்தான் நீட்டுச்சு. எண்டர் அடிச்சேன். எத்தனை தடவை சொன்னாலும் யாரும் நம்பல. என் லேப்டாப்பைக் குடுங்க, காட்டறேன்னேன். அதையும் குடுக்கல."

"யாருகிட்ட இருக்கு?"

"பெரியப்... சார்கிட்ட. ஆதாரமாம். அலமாரியில வெச்சுப் பூட்டியிருக்கார்."

"உன் லேப்டாப்பை உன்னைத் தவிர யாராவது தொடுவாங்களா?"

டமால் வாயைத் திறந்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். சுவரில் கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு: 'அடுத்தவர் மடிக்கணினியைத் தொடுவது கண்டிப்பாகத் தடை. மீறினால் நடவடிக்கை. - முதலாளி.' அதைப் பார்த்தபடியே வாயை மூடிக்கொண்டாள்.

"சரிம்மா," என்றார் அத்தை. "வாக்குக் குடுத்தா காப்பாத்தணும். எனக்குப் பிடிச்சிருக்கு."

முதலாளி அலமாரியைத் திறக்கச் சம்மதிக்கவில்லை. ஆதாரத்தில் கை வைக்கக்கூடாது, போலீஸ் வந்துதான் திறக்க வேண்டும் என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி இடுப்புக் கொத்திலிருந்து ஒரு சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து, மடிக்கணினியைத் தூக்கிவந்து கூடத்தின் நடு மேஜையில் வைத்துவிட்டார்.

"உன்கிட்ட எப்படி அந்தச் சாவி?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இருக்கு," என்றார் அந்த அம்மாள். கூடத்தில் இரண்டு மூன்று பேர் குனிந்து எதையோ தேடினார்கள்.

மூடி திறந்ததும் மாப்பிள்ளை ஒரு அடி பின்னால் போனார். திரை நிறைய எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் சுண்டுவிரல் உயரம். திரைக்கு ஏழெட்டு வரிதான் அடங்கியிருந்தது.

"இது என்ன, எழுதின ப்ரோகிராமா? கண் டாக்டர் சுவத்துல தொங்குற அட்டையா?"

அத்தை கைப்பையைத் தொட்டார். ஆனால் அதனிடம் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையை ஏறிட்டுப் பார்த்து, "நல்லாச் சொன்னீங்க மாப்பிள்ளை," என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து அத்தை வாயால் அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. மாப்பிள்ளை அருகிலிருந்த மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"டைப் பண்ணும்மா."

டமால் உட்கார்ந்தாள். 'அட்டை' என்று தொடங்கியதும் பட்டியல் விழுந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அங்கே ஒன்றல்ல, இரண்டு 'அட்டை சரிபார்'. ஒன்றன்கீழ் ஒன்றாக, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. எது எந்த அறையிலிருந்து வருகிறது என்று பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுத்து அத்தனை பெரிதாக இருந்ததால் அந்த இடம் திரையைத் தாண்டிப் போய் வெட்டுப்பட்டிருந்தது.

தலை கையை நீட்டி எழுத்தைச் சிறிதாக்கினார். வெட்டுப்பட்ட பகுதி மெல்ல உள்ளே வந்தது. மேலே இருந்தது 'பொம்மை'. கீழே இருந்தது 'பூட்டு'.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது," என்றாள் டமால். "ஏதோ ரெண்டு தடவை காட்டுதுன்னு நெனைச்சேன். மேல இருந்ததை அடிச்சேன்."

"ஆனா 'பொம்மை' எப்படி இங்க வந்துச்சு?" தலை வேகமாகத் தட்டினார். "இவ அறைப் பட்டியல்ல இல்லையே... ஓ. இங்க இருக்கு. கட்டடத்தோட வெளிக் கேட்டுல ஒரு பொதுப் பட்டியல் உண்டுங்க. அதுல சேர்த்துட்டா எல்லா அறைக்கும் எடிட்டர் நீட்டும். யாரோ 'பொம்மை'யைக் கேட்டுல சேர்த்திருக்காங்க. ஏதாவது ஒரு அறைக்குள்ள நின்னு போட வேண்டிய கட்டளையை, கேட்டுல நின்னுகிட்டே போட்டிருக்காங்க. புதுசாக் கத்துக்கறவங்க பண்ற தப்பு. இந்த மாத்தம் வேற யாருக்கும் அனுப்பப்படல. இந்த லேப்டாப்ல மட்டும் கிடக்கு."

கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. அது முடிவதற்குள் முதலாளி முன்னால் வந்தார்.

"அப்போ முடிஞ்சுது. யார் லேப்டாப்? அவளோடது. யார் சேர்த்திருப்பா? அவதான். முதல்ல கேட்டுல 'பொம்மை'யைச் சேர்த்துட்டு, அப்புறம் தெரியாம அடிச்ச மாதிரி அடிச்சிருக்கா. நான் நெனைச்சதைவிடக் கெட்டிக்காரி." திரும்பித் தன் அறையைப் பார்த்து நடந்தார். "சாப்பாடு அப்புறம். புகாரை இப்பவே அனுப்பறேன்."

பெரியம்மா டமாலின் தோளைப் பிடித்துக்கொண்டார். அத்தை இல்லாமல் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், பாவம்.

"அனுப்புங்க," என்றார் அத்தை. "அதுக்கு முன்னாடி ஒரே ஒரு உதவி. இந்தப் பொண்ணு லேப்டாப்ல என்ன எழுதியிருக்குன்னு சாட்சியா நீங்க படிச்சுச் சொல்லணும். முதலாளிங்க படிச்சாத்தான் மதிப்பு." சொல்லிக்கொண்டே எழுத்தைப் பழையபடி பெரிதாக்கச் சொன்னார்.

முதலாளி நின்ற இடத்திலிருந்தே, தலையைக்கூட நீட்டாமல், கடகடவென்று படித்தார்.

"நல்லாப் படிச்சீங்க. இப்ப தலையோட லேப்டாப்ல அதே வரியைப் படிங்க."

மாப்பிள்ளை அதை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். முதலாளி அதைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். கை முழுக்க நீண்டுவிட்டது. தலையைப் பின்னால் சாய்த்தார். மீசை துடித்தது.

"வெளிச்சம் சரியில்ல."

"நான் வேணா பிடிச்சுக்கிட்டு எதிர்ப்பக்கம் போய் நிக்கட்டுங்களா?" என்றார் மாப்பிள்ளை. "இன்னும் தள்ளணும்னா சொல்லுங்க, மாடிப்படி வரைக்கும் இடம் இருக்கு."

கைப்பை இந்த முறையும் ஓய்விலேயே இருந்தது.

"கண்ணாடி போடுங்க, போடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்," என்றார் அவர் மனைவி. "போட்டா வயசாயிடுமாம். போன வாரம் ஷாம்பூன்னு நெனைச்சுப் பாத்திரம் தேய்க்கிறதை எடுத்துத் தலையில தேய்ச்சுக்கிட்டார்."

"அதை எதுக்கு இங்க..."

"இந்தக் கூடத்துல இருக்கறதெல்லாம் இளவட்டக் கண்ணு," என்றார் அத்தை. "எல்லார் திரையிலயும் எழுத்து எறும்பு அளவுக்கு இருக்கு. இந்த ஒரு லேப்டாப்ல மட்டும் எருமை அளவுக்கு இருக்கு. இந்தப் பொண்ணுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய எழுத்து? அவளுக்கு வேண்டியதில்ல. அதை அடிக்கடி வாங்கிப் பார்க்கற வேற யாருக்கோ வேணும்." டமாலின் பக்கம் திரும்பினார். "நீ சொல்ல வேண்டாம்மா. நீ சொல்லாம இருக்கறதே போதும்."

முதலாளி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல, வேண்டாவெறுப்பாக, ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"விடுதிக்காரருக்கு டெமோ காட்டப் போனேன்," என்றார் கடைசியில். "என் லேப்டாப்ல சார்ஜ் இல்ல. இவளோடதை வாங்கிட்டுப் போனேன். அங்க போனா அவங்க அட்டையைப் பூட்டு ஏத்துக்கவே இல்ல. சிவப்பு விளக்காவே எரியுது. அந்த மனுஷன் எதிர்ல மானம் போகுது. நானும் ஒரு காலத்துல ப்ரோகிராம் எழுதினவன்தானே. சோதனைக்கு வெச்சிருக்கற 'பொம்மை'யை இழுத்துவிட்டா கதவு திறக்கும்னு தெரியும். ஒரே ஒரு கட்டளை போட்டேன். டெமோவுல ஒரு வரி மாத்தினேன். திறந்துச்சு. கைதட்டினார். வந்ததும் அந்த வரியைப் பழையபடி ஆக்கிட்டேன். வேற ஒண்ணும் தொடலை."

"அந்த ஒரு கட்டளை?" என்றார் தலை.

"அதுவும் அழிஞ்சிருக்கும்னு... நெனைச்சேன்."

"கேட்டுல நின்னு போட்டுட்டீங்க சார்."

"எந்த இடத்துல நின்னு போடறேன்னு மேல சின்னதா எழுதியிருக்குமே, அது..." முதலாளி நிறுத்திக்கொண்டார். அது ஏன் அவருக்குத் தெரியவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

டமால் முதல்முறையாக நேராக நிமிர்ந்தாள். "எழுத்தைச் சின்னதாக்கினா, அடுத்த தடவை வாங்கும்போது 'என்னம்மா ஒண்ணும் தெரியல'ன்னு கோவிப்பீங்க. அதனாலதான் அப்படியே விட்டேன் பெரியப்பா. கேட்டுல ஏதோ மாத்தியிருக்கீங்கன்னும் பார்த்தேன். மறுபடி டெமோ இருக்குன்னு சொன்னீங்களேன்னு தொடல. அதனாலதான் இவ்வளவும் வந்துச்சுன்னு இப்பதான் எனக்கே தெரியுது. லேப்டாப் வாங்கினதை யாருகிட்டயும் சொல்லாதேன்னீங்க. சொல்லல."

"அதை ஏம்மா சொல்லல?" என்றார் முதலாளி. "உன்னை ஜெயிலுக்கு அனுப்பறேன்னு நிக்கறேன். அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க நாலு பேர் பேசக்கூடாதுன்னீங்க. இவங்கெல்லாம் நாலு பேர்தானே பெரியப்பா."

முதலாளி சுவரில் இருந்த தன் அறிவிப்பைப் பார்த்தார். அது கொட்டை எழுத்து; அவருக்குத் தெளிவாகவே தெரிந்தது. எழுந்துபோய் அதைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அவள் மேஜைக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "தப்பு என்னோடதும்மா," என்றார். "விடுதிக்காரர்கிட்டயும் நானே அப்படித்தான் சொல்லப் போறேன். புகாரை அழிச்சிடறேன்."

"அழிக்காதீங்க," என்றார் அத்தை. "அது சரியாத்தான் இருக்கு. படிச்சுட்டு அழிங்க."

மனைவி தன் கைப்பையைத் திறந்து ஒரு கண்ணாடியை எடுத்து நீட்டினார். எத்தனை நாளாக அதைச் சுமந்துகொண்டிருந்தாரோ. முதலாளி அதைக் கையில் வைத்துப் பார்த்தார். மீசையைத் தடவினார். பிறகு மாட்டிக்கொண்டார். எல்லோரும் அவர் பின்னாலேயே கண்ணாடி அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள்.

திரையில் படிவம் அப்படியே நின்றது. புகார் கொடுப்பவர் பெயர் என்ற கட்டத்தில் முதலாளியின் பெயர். முகவரி என்ற கட்டத்தில் அவர் வீட்டு முகவரி. சரி. குற்றவாளியின் பெயர் என்ற கட்டத்திலும் அதே பெயர். குற்றவாளியின் முகவரியும் அதே வீடு.

"நான் இதை எழுதலையே," என்றார் முதலாளி.

"நீங்க எழுதல," என்றார் அத்தை. "கட்டத்துல கை வெச்ச உடனே மெஷின் முந்திக்கிட்டு உங்க பேரை நீட்டியிருக்கும். நீங்க படிக்காம எண்டர் அடிச்சிருக்கீங்க. உள்ள வந்ததும் இதைத்தான் பார்த்தேன். படிக்காம அடிக்கறவர் இந்த ஆபீஸ்ல இன்னொருத்தரும் இருக்கார்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. மீதி எல்லாம் எழுத்தோட அளவுதான்."

"அப்போ அத்தை இருமினது..." என்றார் மாப்பிள்ளை.

"இருமல்தான் மாப்பிள்ளை."

முதலாளி சிரித்தாரா அழுதாரா என்று மீசைக்குப் பின்னால் தெரியவில்லை. படிவத்தை அவரே அழித்தார். இந்த முறை ஒவ்வொரு கட்டமாகப் படித்துவிட்டு அழித்தார். எல்லோரும் பொறுமையாக நின்றார்கள்.

டமால் தன் மேஜைக்குத் திரும்பிவந்தாள். மடிக்கணினி அவள் கைக்கு வந்திருந்தது. எழுத்தைத் தன் கண்ணுக்கு ஏற்றபடி சிறிதாக்கினாள். கேட்டுப் பட்டியலிலிருந்து 'பொம்மை'யை எடுத்தாள். கோப்பின் உச்சிக்குப் போய்ப் பழைய வரியை அழித்துவிட்டு 'அட்டை' என்று தொடங்கினாள். பட்டியல் விழுந்தது. ஒரே ஒரு பெயர்தான், பக்கத்தில் 'பூட்டு' என்று முழுசாகத் தெரிந்தது. இருந்தும் அவள் விரல் எண்டர் விசைக்கு மேலே நின்றுகொண்டே இருந்தது.

"அடிம்மா," என்றார் முதலாளி, மூக்கில் கண்ணாடியோடு அவள் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்று. "படிச்சுட்டேன். சரியா இருக்கு."

கூடம் முழுக்கக் கேட்டது, டமால்.